ஒன்றரைச் சுற்று

அவளுக்குப் பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சொந்தத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் அவள் 'பாதி'. இந்தப் பட்டத்தைக் கொடுத்த புண்ணியவான் அவளுடைய அண்ணன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவர் ஓட்டும்போது பிரேக் போடுவதே அவருக்குப் பிழைப்பு. தங்கை பாதியில் விட்ட பட்டப்படிப்பு, ஒரு கையோடு நிற்கும் ஸ்வெட்டர், இடது பக்கம் மட்டும் பெயிண்ட் கண்ட கேட் என்று ஒரு பட்டியலே அவர் விரல் நுனியில் இருக்கும். நான்கு வருடங்களுக்கு முன் மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் போகிறேன் என்று கிளம்பியவள், இரண்டாம் நாளே மழைக்குப் பயந்து திரும்பி வந்துவிட்டாள். அதோடு அந்தப் பெயர் அழுத்தமாக ஒட்டிக்கொண்டது.

இந்த முறை விட்டேனா பார் என்று இறங்கியிருந்தாள். வயது நாற்பத்தாறு. வீட்டு முன்னறையில் ஜெராக்ஸ் கடை, ஒரு லேமினேஷன் மெஷின், பதினோரு வருடமாகத் தன் கையாலேயே துடைத்துப் பராமரிக்கும் வண்டி. நெடும்பயணச் சங்கம் ஒரு வட்டப் பாதை போட்டுக் கொடுத்திருந்தது. ஆறு ஊர்கள், மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர், ஆறு நாள். பட்டியலில் உள்ள எந்த ஊரிலும் தொடங்கலாம். ஆறாம் நாள் மாலை ஆறு மணிக்குள் தொடங்கிய ஊருக்கே வந்து சேர்ந்தால் சான்றிதழ். போன இடத்துக்கெல்லாம் சாட்சி பெட்ரோல் பங்க்கில் கொடுக்கும் அச்சு ரசீது. நகல் செல்லாது, போட்டோ செல்லாது.

அவளுடைய ஊரும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆனாலும் அங்கே தொடங்காமல் வட்டத்தின் எதிர்ப்பக்கத்து ஊரில் தொடங்கினாள். காரணம் இருந்தது. அப்படிச் செய்தால் மூன்றாம் நாள் சொந்த வீடு நடுவில் வரும்; தன் கட்டிலில் ஒரு ராத்திரி தூங்கலாம், பழக்கமான மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றலாம். அதற்காக வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு அவள் ரயிலில் போனாள். "வண்டி ஓட்டப் போறேன்னு சொல்லிட்டு வண்டியை லாரில அனுப்பற ஒரே ஆள் என் தங்கச்சிதான்" என்று அண்ணன் ஊரெல்லாம் தண்டோரா போட்டார்.

முதல் நாளே பின்சக்கரத்தில் ஆணி. இரண்டாம் நாள் கிளட்ச் கேபிள் அறுந்து, வண்டியை மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய், ஒரு மெக்கானிக் சாப்பிட்டுவிட்டு வரும்வரை அவர் கடை வாசலில் தவம் கிடந்தாள். நான்கு மணி நேரம் போனது. மூன்றாம் நாள் காலையில் இருந்தே மழை. போன தடவை பயந்து திரும்பிய அதே மழைதான். ஹெல்மெட்டுக்குள் உரக்கத் திட்டிக்கொண்டே அதைத் தாண்டி வந்தாள். மதியம் இரண்டு மணிக்கு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. மனம் மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது. ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர், மூன்று ரசீது!

ரசீதுகள் மழையில் நனைந்து துவண்டிருந்தன. கடை மேஜையில் பரப்பி வைத்தாள். "இது மூணும் என் உயிருங்க, காத்துல பறந்துடாம பாத்துக்குங்க" என்று கணவனிடம் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

கணவன் தச்சர். அவள் இல்லாத நாட்களில் கடையையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். வாயில்லாப் பூச்சி, அன்பை எல்லாம் கை வேலையில் காட்டுகிற மனிதர். மனைவி உயிர் என்று சொன்ன காகிதம் இப்படித் துணிபோல் கிடக்கிறதே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. அதற்குள் லேமினேஷன் மெஷினும் கைக்குப் பழகிவிட்டிருந்தது. மூன்றுக்கும் தனித்தனி உறை எதற்கு, வீண்தானே என்று தச்சு வேலைக்காரரின் சிக்கன புத்தியோடு மூன்றையும் ஒரே உறையில் வரிசையாக அடுக்கி, அளவு பார்த்து, மெஷினுக்குள் விட்டார்.

பங்க் ரசீது சூடு பட்டால் கறுத்துப்போகும் ஜாதி. இந்த விஷயம் அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

ஐந்து மணிக்கு அவள் எழுந்து வந்தபோது அவர் மேஜை முன்னால் சிலையாக நின்றிருந்தார். கையில் பளபளவென்று ஓர் அட்டை. அதற்குள் அச்சடித்தாற்போல் மூன்று கறுப்புப் பட்டைகள்.

"என்னங்க இது?"

"பத்திரமா இருக்கட்டும்னு..."

அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள். ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுக்கிறவள் தனக்கென்று ஒரு நகலும் எடுத்து வைக்கவில்லை. எடுத்திருந்தாலும் செல்லாது என்பது வேறு விஷயம். அழுகையும் கோபமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. கத்தலாம் என்று வாயைத் திறந்தாள். அவர் மெஷினின் பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணன் வந்து சேர வேண்டுமா? அட்டையைப் பார்த்தார், இருவர் முகத்தையும் பார்த்தார். ஒரு நிமிடத்தில் விஷயம் விளங்கிவிட்டது. சிரிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

"சரி விடு, பாதி. நல்ல வேளை, வீட்டுக்கு வந்த பிறகு நடந்துச்சு. குளிச்சிட்டு சாப்பிடு. பாதி தூரம் போனதே பெரிய விஷயம்."

கிண்டல் செய்திருந்தால் தாங்கியிருப்பாள். இந்தப் பரிவுதான் சுருக்கென்று தைத்தது. நான்கு வருடங்களுக்கு முன்னும் இதே வாசலில், இதே குரலில்தான் சொன்னார். கட்டில் பத்தடியில் இருக்கிறது. மழை நிற்கவில்லை. இப்போது நிறுத்தினால் யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். தப்பு தன்னுடையதுகூட இல்லை. இவ்வளவு வசதியான சாக்கு வாழ்நாளில் இன்னொரு தடவை கிடைக்காது. அதை நினைத்தபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

போனை எடுத்துச் சங்கச் செயலாளரைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"பாவமாத்தான்மா இருக்கு. ஆனா எழுத்து தெரியாத ரசீதை நான் எப்படி ஒத்துக்க முடியும்?" என்றார் அவர்.

"ஒத்துக்க வேணாங்க. வேற ஒண்ணு கேக்கறேன். பட்டியல்ல இருக்கற எந்த ஊர்லயும் ஆரம்பிக்கலாம்ல?"

"ஆமா."

"எங்க ஊரும் அதுல இருக்கு. நாளைக்குக் காலையில நான் இங்கேருந்து ஆரம்பிக்கறேன். எழுதிக்குங்க."

மறுமுனையில் பட்டியலைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அம்மா, அப்ப இந்த மூணு நாள் ஓட்டினது?"

"அது பழகிப் பாத்ததுன்னு வெச்சுக்குங்க."

போனை வைத்தாள். அண்ணன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? முழுச் சுத்தும் மறுபடியுமா?"

"மறுபடி இல்லண்ணா. இந்தப் பக்கம் எப்படியும் போகத்தான் போறேன். அந்தப் பக்கம் இன்னொரு தடவை. அவ்வளவுதானே?"

கணவன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "கதவு வேலை ஒண்ணு பாக்கி இருக்கு. அது கிடக்கட்டும், கடையை நான் பாத்துக்கறேன்." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சேர்த்துக்கொண்டார்: "மெஷினைத் தொட மாட்டேன்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபின் கோபத்தைத் தேடினாள், காணவில்லை.

மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றினாள். புதுக் கிளட்ச் கேபிள் ஒன்றை வாங்கி, ஓடுகிற கேபிளின் பக்கத்திலேயே மேலிருந்து கீழ்வரை சேர்த்துக் கட்டச் சொன்னாள். அறுந்தால் இரண்டு முனையையும் மாற்றி மாட்டினால் போதும். பட்டறிவு என்று ஒன்று இருக்கிறதல்லவா. திரும்பி வந்தபோது கணவன் கையில் ஒரு மரப்பெட்டி இருந்தது. உள்ளங்கை அளவு, சறுக்கி மூடும் மூடி, நீர் புகாமல் விளிம்பில் ரப்பர். "சீட்டுக்கு அடியில, எஞ்சின் சூடு படாத மூலைக்கு அளவெடுத்துப் பண்ணேன்" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவே இல்லை, பெட்டி சொன்னது.

காலை ஆறு மணிக்குப் பக்கத்துத் தெரு பங்க்கில் முதல் ரசீது. பெட்டிக்குள் வைத்து மூடினாள். கிளம்பினாள்.

முதல் மூன்று நாள் புதுப் பாதை, அடுத்த மூன்று நாள் தெரிந்த பாதை. தெரிந்த பாதை இன்னொரு தடவை வரும்போது தனிச் சுகம்தான். ஆணி குத்திய வளைவு வந்தபோது ஓரமாகப் போய் ஒரு முறைப்பு முறைத்துவிட்டு வந்தாள். போன தடவை தவம் கிடந்த மெக்கானிக் கடையைக் கடந்தபோது ஹாரன் அடித்தாள். அவர் யாரென்று தெரியாமலே கையை ஆட்டினார். ஆறாம் நாள் மதியம் வீட்டுக்கு இருநூறு கிலோமீட்டர் இருக்கும்போது கிளட்ச் கேபிள் மறுபடி அறுந்தது. "வா மகனே" என்று சொல்லி இறங்கினாள். இருபது நிமிடத்தில் அடுத்த கேபிளை மாட்டிவிட்டுக் கையைத் துடைத்தாள்.

ஊருக்குள் மட்டும் ஏதோ லாரி கவிழ்ந்து முக்கால் மணி நேரம் தின்றது. பக்கத்துத் தெரு பங்க்குக்குள் நுழைந்தபோது ஐந்தே முக்கால். கணவனும் அண்ணனும் அங்கேயே நின்றிருந்தார்கள். பெட்ரோல் போட்டாள், ரசீது கேட்டாள். பங்க் ஊழியர் மெஷினை இரண்டு தட்டு தட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"பேப்பர் சிக்கிக்கிச்சுக்கா. கையால எழுதித் தரட்டுமா?"

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் கையுறையைக் கழற்றினாள். "தள்ளுங்க தம்பி. வருஷக்கணக்கா இதைத்தான் பிடுங்கிட்டு இருக்கேன்." மூடியைத் திறந்து, சுருளை வெளியே எடுத்து, கசங்கிய நுனியைக் கிழித்து, உருளையில் ஒட்டியிருந்த துணுக்கை நகத்தால் சுரண்டி, திரும்பப் பொருத்தி மூடினாள். மெஷின் கர்ரென்று முனகிவிட்டு ரசீதைத் துப்பியது. ஐந்து ஐம்பத்திரண்டு. கணவன் ரசீதைத் தொடவே இல்லை. சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்த பெட்டியை மட்டும் இரண்டு கையாலும் நீட்டினார்.

அண்ணன் எதையோ விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். தங்கையின் பட்டியலாக இருக்காது, கிலோமீட்டராகத்தான் இருக்கும்.

சங்கத்தின் சான்றிதழ் வந்து பல நாளாகிறது. அது மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. கடைச் சுவரில் மாட்டியிருப்பது அந்தக் கறுப்பு அட்டை. மாட்டியவள் அவள்தான்; சட்டம் அடித்தவர் கணவன். போன வாரம் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, மெஷின் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அண்ணன் முந்திக்கொண்டார்.

"அதுவா? சங்கத்துக்காரன் மூவாயிரத்து அறுநூறுன்னுதான் எழுதிக் கொடுத்திருக்கான். என் தங்கச்சி அதுக்கு மேலயும் ஓட்டின ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் இதுல இருக்கு."