வாடை போன மத்தி

முஞ்சாரில் மத்தி சாப்பிடாத மனிதர் துராமான் ஒருவர்தான். அந்தத் துறைமுகத்து ஊரிலேயே பிறந்தும், ஆட்டுக்கறியைக் குச்சியில் கோத்துச் சத்தே சுட்டு விற்றே காலம் தள்ளியவர். மார்வலி வந்தபின் டாக்டர் ஆட்டுக்கறிக்குத் தடை போட்டார். "மத்தி சாப்பிடுங்க. அந்தக் கொழுப்பு இதயத்துக்கு நல்லது" என்றார்.

"அந்த வாடை எனக்கு ஆகாது" என்று துராமான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மருமகள் ரொம்லா விடவில்லை. மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துக் கழுவி, முள் எடுத்தாள். சித்தரத்தை, மஞ்சள், தேங்காய்ப்பூவோடு அரைத்தாள். நிறம் காட்டிக்கொடுக்காமல் இருக்க டோஃபுவும், பேருக்குக் கொஞ்சம் கோழிக்கறியும் சேர்த்து, வாழையிலையில் மடித்துத் தணலில் சுட்டாள்.

"என்னம்மா இது?"

"கோழிதான்ப்பா. சூடு ஆறறதுக்குள்ள சாப்பிடுங்க."

இரண்டாவது மடிப்பையும் அவரே கேட்டு வாங்கினார். அதன்பின் வாரத்தில் பாதி நாள் அதுதான். டீக்கடையில் உட்கார்ந்து, "என் மருமக கைக்குத் தங்க வளையல் போடணும்டா" என்று அளந்தார். புருஷன் புஸ்ரியிடம்கூட மூச்சு விடாத ரொம்லாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டு ஹோஸ்னாவிடம் மட்டும் ரகசியத்தைச் சொல்லிச் சிரித்தாள்.

ஒரு மதியம் துராமான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் ஹோஸ்னா கையில் மீன் கூடையோடு வந்து நின்றாள்.

"அக்கா, வாடையே தெரியாம மத்தியை எப்படித்தான் பண்றீங்க? என் வீட்டுக்காரரும் உங்க மாமனார் மாதிரிதான், மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடறாரு!"

துராமானின் கை இலையிலேயே நின்றது. ஹோஸ்னா நாக்கைக் கடித்துக்கொண்டு நழுவினாள்.

"உங்க உடம்புக்காகத்தான்ப்பா..." என்றாள் ரொம்லா.

அவர் கத்தியிருந்தால் தேவலை. கையைக் கழுவிவிட்டு வந்து மெதுவாக உட்கார்ந்தார்.

"எனக்கு மத்ராவின்னு ஒரு தம்பி இருந்தான். மத்தி பிடிக்கத்தான் போனான். படகுப் பலகை கரைக்கு வந்துச்சு, அவன் வரல. அந்தக் கடல் மீனைத் தொடறதில்லன்னு அன்னிக்கு நானே சொல்லிக்கிட்டேன். இதை ஊரெல்லாம் சொல்லி அழ முடியுமா? வாடைன்னு சொல்லிட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் செஞ்சே இருக்க மாட்டேனேப்பா!"

"நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேனோ என்னவோ. உன்னைக் குத்தம் சொல்லல, புள்ள." பாதி மீதியிருந்த இலையை மடித்து வைத்தார். "ருசியா இருந்துச்சு. அதுதான் எனக்குத் தாங்கல."

அன்று முதல் அவர் தட்டில் என்ன விழுந்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டே வாயில் வைத்தார். வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாக மூக்குக்குப் போனது. அதைப் பார்க்க முடியாமல் ரொம்லா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவர் கண்ணெதிரிலேயே கோழியைத் தோலுரித்து நறுக்கிக் குழம்பு வைத்துப் பார்த்தாள். அவர் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, "போதும்மா, நல்லாத்தான் இருக்கு" என்று எழுந்துபோனார்.