முப்பத்தோராயிரம் அடி

அன்று அந்தக் கீழ்த்தள அறையில் இருந்தவர்கள்: குடியிருப்போர் சங்கச் செயலாளர், இரண்டாம் மாடிப் பல் டாக்டர், அவர் மனைவி, நடைப் பிரச்சாரத்துக்காகச் சுகாதார அலுவலகம் அனுப்பிய மேடம், வராவிட்டால் பேரை எழுதிவைப்பார்கள் என்று வந்த பதினோரு பேர், வாட்ச்மேன், ஆறு வருடமாக அதே அறையில் மெஷின் போட்டிருந்த தையற்காரி. வாட்ச்மேனைத் தவிர எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு நாற்காலி கிடைக்கவில்லை. உட்கார்ந்தே இருப்பதால் உடம்புக்கு வரும் கேடுகளைப் பற்றி மேடம் ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

தையற்காரிக்குப் பாதிப் பேச்சு காதில் ஏறவில்லை. சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் அவள்தான் முதலிடம். அந்த முதலிடம் எப்படி வந்தது என்பது அந்த அறையில் அவளுக்கு மட்டுமே தெரியும்.

ஆறு வாரத்துக்கு முன் வீட்டுக்கு ஒன்றாக, அடி எண்ணும் கருவி கொடுத்தார்கள். கைக்கடிகாரம் அளவுதான் இருக்கும். கையில் கட்டலாம், கணுக்காலிலும் கட்டலாம். கட்டடத்தில் கடை வைத்திருப்பதால் அவளுக்கும் ஒன்று வந்தது. கையில் கட்டினால் துணியில் மாட்டும் என்று காலில் கட்டிக்கொண்டாள். வலது கால், மெஷினை மிதிக்கிற கால். முதல் நாள் சாயங்காலம் வாட்ச்மேன் எண்ணைக் குறிக்க வந்தபோது கருவி முப்பத்தோராயிரம் காட்டியது. புது ஷூ வாங்கி விடியற்காலையில் கட்டடத்தைச் சுற்றி ஓடிய பல் டாக்டருக்கு ஒன்பதாயிரம்.

மூன்றாம் நாளே அவளுக்கு விளங்கிவிட்டது. ஒரு பேன்ட்டுக்கு ஓரம் அடிக்கும்போது குனிந்து பார்த்தாள். எண் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மிதி, ஒரு அடி. அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், பக்கத்துத் தெரு அண்ணன் வீட்டிலிருந்து இந்த அறைக்கு வந்து சேரவே இரண்டு இடத்தில் நிற்கிறவள் அவள். அவளுக்காக யாரும் ஒருநாளும் கைதட்டியதில்லை. அண்ணி சோற்றுத் தட்டை நீட்டும்போதுகூட, உட்கார்ந்தே இருப்பவளுக்கு இவ்வளவு போதும் என்றுதான் நீட்டுவாள். இப்போது படிக்கட்டில் விளையாடும் பிள்ளைகள் ‘ஓட்டக்காரி அத்தை’ என்று கூப்பிட்டன. முப்பத்தோராயிரம் அடி யாரோடு ஊர் சுற்றுகிறாய் என்று அண்ணியே ஒருநாள் கேட்டுவிட்டாள். அந்தச் சந்தேகம்கூட அவளுக்கு இனித்தது.

காலையிலிருந்து இருட்டும்வரை மெஷின் முன்னால் இருப்பவள் எப்போது நடக்கிறாள் என்று கட்டடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அவளால் கட்டடத்தின் சராசரி ஏறியது. ஏறுகிற எண்ணை யார் தோண்டிப் பார்ப்பார்கள்?

கட்டடத்துக்கு முதல் பரிசு என்று மேடம் அறிவித்தார். ஒரு பித்தளைப் பலகை கொடுப்பார்களாம். பலகையை மாட்ட ஓர் இடம் வேண்டுமே என்று பல் டாக்டர் ஆரம்பித்தார். ஓர் உடற்பயிற்சி அறை இருந்தால் பொருத்தமாக இருக்கும் என்றார். தங்கள் வீட்டில் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் ஒன்று இருக்கிறது, அதைக் கொடுத்துவிடலாம் என்றார். அவர் மனைவிக்கு முகம் சுருங்கியது. ஈரத்துணி காயப்போட அந்த வீட்டில் அதைவிட நல்ல இடம் கிடையாது.

கீழ்த்தளத்தில் இருந்தது ஒரே அறை. மொட்டைமாடியை ஒட்டி இன்னொரு அறை காலியாகக் கிடந்தது, நாலு மாடிக்கு மேலே. கட்டடத்தில் லிஃப்ட் இல்லை.

செயலாளர் பழைய தீர்மான நோட்டைப் புரட்டினார். ‘இடுப்புக் கோளாறால் படியேற இயலாத காரணத்தினால் தையற்காரிக்குக் கீழ்த்தள அறை’ என்ற வரியை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார்.

“அப்ப இயலாம இருந்திருக்கு. இப்ப அக்காதான் நம்ம எல்லாரையும் ஓட வெச்சுட்டு முன்னாடி போறாங்க.”

கைதட்டினார்கள். தினமும் நாலு மாடி இந்த இடுப்போடு ஏறி இறங்குவது நடக்கிற காரியமில்லை. அப்படியே ஏறிப் போய் உட்கார்ந்தாலும், ஒரு ஜிப் மாற்ற அங்கே யார் வருவார்கள்? பால் பாக்கெட்டுக்கே கூடையைக் கயிற்றில் இறக்குகிற ஜனம். இந்தக் கீழ் அறை போனால் பிழைப்பு போனது, அவ்வளவுதான்.

“அது நான் நடந்ததில்லைங்க. மெஷின் மிதிச்சது” என்றாள்.

என்ன ஒரு அடக்கம் பாருங்கள் என்றார் பல் டாக்டர். அவள் எழுந்து போய் மெஷினில் உட்கார்ந்தாள். துணி இல்லாமல் வெறுமனே மிதித்தாள். கணுக்காலைப் பார்க்கும்படி மேடத்தைக் கூப்பிட்டாள். மேடம் குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். வாட்ச்மேனும் குனிந்து பார்த்துவிட்டு, “ஆமா” என்றார். அவரை யாரும் கேட்கவில்லை.

மேடம் அவள் காதருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“ரிப்போர்ட் மேல போயாச்சுக்கா. உங்களை எடுத்துட்டா இந்தக் கட்டடம் கடைசி. கடைசின்னா நான் இன்னொரு ஆறு வாரம் இங்கயே வரணும்.”

பிறகு எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, காலசைவும் உடலசைவுதான், வழிகாட்டிப் புத்தகத்திலேயே அப்படி இருக்கிறது என்று அறிவித்தார். செயலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அப்ப அப்படியே எழுதுங்க. கூடவே படி ஏற முடியாதுன்னும் எழுதுங்க” என்றாள் தையற்காரி.

“ஒரே நோட்டுல முப்பத்தோராயிரம் அடின்னும் எழுதி, படி ஏற முடியாதுன்னும் எழுதினா, படிக்கிறவன் என்னக்கா நினைப்பான்?” என்றார் செயலாளர்.

“நடந்ததை எழுதியிருக்காங்கன்னு நினைப்பான்.”

யாரோ சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஆனால் பதினாறு பேர் நடுவில் வைத்துச் சொல்கிற பதில் இல்லை அது. அவள் தரையைப் பார்த்தாள். போதும் என்பதுபோல் அவர் நோட்டை விரித்தார்.

தையல் மெஷினை மேல் அறைக்கு மாற்றச் சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றார். தூக்கினார்கள். அந்த ஆறு வாரத்தில் கட்டடம் முழுவதும் சேர்ந்து செய்த ஒரே உடற்பயிற்சி அதுதான். வாட்ச்மேனுக்கு ஓட்டு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஷினை மேலே ஏற்றினார்கள். வாட்ச்மேனும் சுமைதூக்கும் ஆள் ஒருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். பல் டாக்டருக்கு முதுகுப் பிடிப்பு. சைக்கிளையும் அவர்களே இறக்கி, மெஷின் இருந்த மூலையில் வைத்தார்கள். கொஞ்சம் வலப்பக்கம் தள்ளுங்கள் என்று செயலாளர் வாசலில் நின்று சொன்னார்.

அவள் கடைசியாகத் தரையில் காந்தத்தை ஓட்டிக் குண்டூசி பொறுக்கினாள். வெறுங்காலோடு வந்து குதிக்கப் போகிறார்கள். ஓர் ஊசி சைக்கிளுக்கு அடியில் போய்க் கிடந்தது. கிடக்கட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு அதையும் எடுத்தாள். நல்ல ஊசி. நாளைக்கு வேண்டும், நாளைக்கு யாராவது வந்தால்.

செயலாளர் சாவியோடு காத்திருந்தார். பலகை இன்னும் வரவில்லையாம். வரும்வரை அறையைத் திறக்கப் போவதில்லை, தூசி அடையும் என்றார்.

அவள் தையல் பெட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பழக்கத்தில் வாசல்பக்கம் ஓரடி வைத்துவிட்டு, படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். பெட்டியை முதல் படியில் இறக்கி வைத்து, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் செயலாளர் கதவைச் சாத்தினார். பூட்டினார். இழுத்துப் பார்த்தார்.