சூடானால் மறையும் கோளாறு

பாகலூர் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியில் நான்கு கட்டில்கள், ஒரு மருந்து அலமாரி, பின்கட்டில் நர்ஸ் பவுலினாவுக்கு ஓர் அறை. ஐம்பத்தாறாம் வருடம் ஆவணியில் டாக்டர் பெங்களூருக்குப் போய்விட்டார். அடுத்த மாதம் டிரைவரும் போனார். புது ஆள் வரும்வரை பார்த்துக்கொள்ளும்படி நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. பவுலினா பாளையங்கோட்டைக்காரி, முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகாதவள். கார் ஓட்டத் தெரிந்திருந்ததால் ஆஸ்பத்திரியின் பழைய காரும் அவள் பொறுப்பில் வந்தது.

மார்கழிக் குளிர் தொடங்கியதும் காருக்கு வியாதி வந்தது. விடியலில் ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் குலுங்கும், இருமும், ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் நின்றுவிடும். கால் மணி நேரம் ஓடிச் சூடாகிவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல் சீராக ஓடும்.

ஓசூரில் முனிவேலின் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போனாள். போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடாகியிருந்தது. முனிவேல் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டினார். காது கொடுத்துக் கேட்டார்.

"நல்லாத்தான ஓடுதுங்க நர்சம்மா."

"காலையில வந்து பாருங்க. அப்பதான் தெரியும்."

"குளுருக்கு எல்லா வண்டியும் அப்டித்தாங்க. நீங்க சோக்கை சீக்கிரம் உள்ள தள்ளிடறீங்க போல."

ஒரு வாரம் கழித்து மறுபடி போனாள். இந்த முறை அவர் பானெட்டைத் திறக்கவேயில்லை. "வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் ஓட்டிப் பாத்தாங்களா?" என்று கேட்டார். பவுலினா வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

கிறிஸ்துமஸ் முடிந்த வியாழக்கிழமை, காலை ஐந்து மணிக்கு ஆஞ்சப்பன் வந்து கதவைத் தட்டினான். பெண்டாட்டி சென்னம்மாளுக்குத் தலைப்பிரசவம். இடுப்புவலி கண்டு வெகுநேரம் ஆகியிருந்தது. அவன் ஊர் நான்கு மைல் தூரம். பவுலினா பையை எடுத்துக்கொண்டு காரில் ஏறினாள். ஆஞ்சப்பன் பக்கத்தில் உட்கார்ந்தான். ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது எஞ்சின் நின்றது. ஆஞ்சப்பன் இறங்கி முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றினான், உயிர் வந்தது, இருபது அடி போய் மறுபடி நின்றது. மூன்றாவது முறை நின்றதும் அவன் ஹேண்டிலை அவளிடம் கொடுத்தான்.

"நான் ஓடிப்போயி பாக்கறேன். நீங்க வந்துருங்க நர்சம்மா."

பனிக்குள் அவன் காலடிச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றி அவள் உள்ளங்கை தோல் உரிந்தது. உதவிக்கு யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தபோது, கூப்பிட ஒரு பெயரும் தன்னிடம் இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. ஆறு வருடத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கணக்கான குழந்தைகளைக் கையில் வாங்கியிருந்தாள்.

ஒருவழியாக எஞ்சின் பிடித்து அவள் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்திருந்தது. சென்னம்மாளின் மாமியாரே தொப்புள்கொடியை அறுத்து முடிந்துவிட்டாள். தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். "பரவால்ல நர்சம்மா, எல்லாம் ஆச்சு" என்றார்கள். பவுலினா நாடி பார்த்தாள், குழந்தையைத் துடைத்துக் கண்ணுக்கு மருந்து விட்டாள். ஆஞ்சப்பன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பும்போது எஞ்சின் ஒரு தடவைகூடத் திணறவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகவில்லை. பொழுது விடிவதற்குள் சால்வையைச் சுற்றிக்கொண்டு பானெட்டைத் திறந்தாள். ஸ்டெதஸ்கோப்பின் தட்டைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை வைத்துக்கொண்டாள். ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டர் கம்பியில் ஒரு மரத்துண்டைச் செருகி எஞ்சின் நிற்காமல் பார்த்துக்கொண்டு, குழாயின் நுனியை ஒவ்வோர் இடமாக வைத்துக் கேட்டாள். பெட்ரோலும் காற்றும் கலந்து எஞ்சினுக்குள் போகிற இரும்புக் குழாயின் இணைப்பில், பின்பக்கம், மெல்லிய சீறல் கேட்டது. மூச்சுத் திணறும் குழந்தையின் நெஞ்சில் கேட்பது போல. அந்த இடத்தில் எண்ணெய்க் குப்பியிலிருந்து இரண்டு சொட்டு விட்டாள். எண்ணெய் உள்ளே இழுபட்டது. எஞ்சின் குலுக்கல் நின்று, நாலைந்து விநாடி சீராக ஓடி, மறுபடி குலுங்கியது.

எஞ்சினை நிறுத்தினாள். கார்புரேட்டருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு நட்டு இருந்தது. விரலால் திருகினாலே சுழன்றது. குளிரில் அந்த இடுக்கு வழியாகக் காற்று புகுந்திருக்கிறது. சூட்டில் இரும்பு விரிந்து இடுக்கை அடைத்திருக்கிறது. டிரைவர் விட்டுப்போன ஸ்பேனரால் அதையும் மற்ற நட்டுகளையும் முடுக்கினாள். மறுபடி ஸ்டார்ட் செய்து மரத்துண்டை எடுத்தாள். எஞ்சின் நிற்காமல் ஓடியது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வாசல் பெருக்க வந்த மாதம்மாளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

"மாதம்மா, வண்டியை நானே சரி பண்ணிட்டேன். சத்தத்தைக் கேளு."

மாதம்மாள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "ஆமாம்மா. பால்காரன் இன்னும் வர்ல, பாத்திங்களா?"

பவுலினா காருக்குள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எஞ்சின் சூடாகும்வரை அங்கேயே இருந்தாள்.

திங்கட்கிழமை, அந்த இணைப்பில் காற்று கசியாமல் நடுவே வைக்கிற கேஸ்கெட்டைப் புதிதாகப் போட ஓசூர் போனாள். முனிவேல் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"யாருங்கம்மா முடுக்குனது?"

"நான்தான்."

"இந்தப் பின்பக்க நட்டை நான் பாக்கலிங்க" என்றார். கேஸ்கெட்டை மாற்றிக் கொடுத்துவிட்டு, காத்திருந்த லாரிக்கு அடியில் போய்ப் படுத்தார்.

புதன்கிழமை விடியலில் வெங்கடசாமி என்கிற குடியானவர் மருமகளுக்கு வலி என்று வந்து நின்றார். நல்ல பனி. எஞ்சின் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. பவுலினா கியர் போடாமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போலாங்களா நர்சம்மா? வண்டில ஏதாச்சும் கோளாறுங்களா?"

"இல்லைங்க, நல்லா இருக்கு."

ஏரிக்கரை மேட்டை நிற்காமல் ஏறினார்கள். எட்டேகால் மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு அவள் தனியாக ஓட்டிக்கொண்டு திரும்பினாள்.