காற்று திரும்பிய புதன்கிழமை

காலையிலிருந்தே அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வானிலை அலுவலகத்தில் முன்னறிவிப்பு எழுதுகிறவள் அவள். மூன்று நாளாக ஊரை ஈரமான வெப்பக் காற்று அமுக்கிக்கொண்டு கிடந்தது. வடமேற்கிலிருந்து குளிர்காற்று வந்துகொண்டிருந்தது. அது கனத்த காற்று. வெப்பக் காற்றின் அடியில் புகுந்து அதை நெம்பித் தூக்கும். இரண்டும் மோதுகிற அந்த முகப்பு ஊரைக் கடக்கும்போதுதான் சூறை, இடி, மழை எல்லாம். வரும், சரி. எப்போது வரும்? அதுதான் தலைவலி.

அவளுடைய தம்பி கிரேன் ஓட்டுகிறவன். இருபத்தைந்து மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் அவன் பிழைப்பு. போன மாதம் இரண்டு தடவை அக்கா பேச்சைக் கேட்டு வேலையை நிறுத்தினான். ஓர் இலைகூட அசையவில்லை. மேற்பார்வையாளர் வாய்க்கு வந்தபடி ஏசினார்.

"இனிமே நிச்சயமாத் தெரிஞ்சா மட்டும் கூப்பிடுக்கா. மானம் போகுது," என்றிருந்தான்.

பதினொரு மணிக்கு, ஐம்பது கிலோமீட்டர் வடமேற்கே இருந்த நிலையத்திலிருந்து அளவு வந்தது. வெப்பம் முப்பத்துநான்கிலிருந்து மடமடவென்று இருபத்துமூன்றுக்கு இறங்கியிருந்தது. அங்கே அளவெடுப்பவர் மகா சுத்தக்காரர். புதன்கிழமை வந்தால் போதும், வெப்பமானி இருக்கும் மரப்பெட்டியில் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிடுவார், அளவு படுத்துவிடும்.

"குளிப்பாட்டிட்டாருய்யா மனுஷன்!" என்று சிரித்துக்கொண்டே, வழக்கம்போல அந்த எண்ணைத் தப்பென்று கோடு போட்டு அடித்துவிட்டாள்.

நாற்பது நிமிடம் கழித்துத்தான் அதே வரியில் காற்றின் திசையைப் பார்த்தாள். தெற்கிலிருந்து வடமேற்குக்கு மாறியிருந்தது. பெட்டியைக் கழுவினால் காற்றா திரும்பும்?

குளிர்காற்று வருவது மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில். மிச்சம் பத்தே நிமிடம். தம்பி ஏணியில் இறங்கவோ கால் மணி நேரம் ஆகும். அவனைப் போனில் கூப்பிட்டாள்.

"வருதுடா. இன்னும் பத்து நிமிஷந்தான்."

"அய்யய்யோ, இதோ இறங்கறேன்!"

"இறங்காதே! ஏணியில பாதியில மாட்டிக்குவே. சுமையைக் கீழே வச்சிடு, ஆளுங்களை விலகச் சொல்லு. கிரேன் கையைப் பிடிக்கிற பிரேக்கை விட்டுடு, காத்து தள்ளுற பக்கமே சுத்தட்டும். நீ கூண்டுலயே இரு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா?"

"சொல்லியிருக்கணும்டா. அளவு வந்துச்சு. நான்தான் தப்புன்னு நெனச்சு அடிச்சுட்டேன்."

அவன் ஆட்களை விலகச் சொல்லிக் கத்துவது கேட்டது. பிறகு பிரேக்கை விடும் சத்தம். பாவி, பாவி என்று அக்கா தன்னையே திட்டிக்கொண்டாள். அப்புறம் போனுக்குள் ஒரே இரைச்சல். அவளுடைய அறை ஜன்னல்களும் படார் படாரென்று அடித்துக்கொண்டன. "தம்பி! டேய் தம்பி!" என்று கத்தினாள். சக ஊழியர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள்.

பன்னிரண்டு நிமிடம் கழிந்தது.

"குளிருதுக்கா," என்றது போன்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாய்விட்டு அழுதாள்.

"காத்து கொஞ்சம் அடங்கின மாதிரி இருக்கு. இறங்கட்டுமா?"

"என்னைப் போய் ஏன்டா கேக்கறே? உன்னைக் கொல்லப் பார்த்தவளே நான்தானே!"

"வேற யாரைக் கேப்பேன்? நீ பார்த்துச் சொல்லுக்கா. நீ சொல்ற வரைக்கும் நான் காலை வெளியே வைக்க மாட்டேன்."