தெப்பத்து வாத்துக்குத் தண்ணீர்

“ஏம்மா, சுத்தி அவ்ளோ தண்ணி இருக்குது. அந்த வாத்துக்குக் குடிக்கத் தண்ணி யாரு குடுப்பா?”

இதைக் கேட்டபோது அஸ்வினிக்கு ஏழு வயது. முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன. அனுமந்தைக்குப் பக்கத்துக் குப்பத்தில், மார்கழிக் குளிருக்குப் பச்சை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, டி.வி.க்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தாள். மரக்காணம் கடைத்தெருவில் வாடகைக்கு எடுத்த கார்ட்டூன் சி.டி. ஓடிக்கொண்டிருந்தது.

பழைய ஆங்கில நாவல் ஒன்றை எடுத்து, அதில் வரும் மனிதர்களை எல்லாம் விலங்குகளாக்கி, நிறையப் பாட்டுச் சேர்த்துச் செய்த படம் அது. தமிழில் பேசிப் பாடியது. கப்பல் உடைந்துபோகிறது. கப்பல் தலைவன் ஒரு ஆட்டுக்கிடா, சமையல்காரன் ஒரு பூனை, கூட வந்த சின்னப் பெண் ஒரு வாத்து. மூவரும் மரத்துண்டுகளைக் கட்டித் தெப்பமாக்கி, நடுக்கடலில் பாடிக்கொண்டே போகிறார்கள். அந்தப் பாட்டின் பாதியில் சி.டி. நின்றுவிட்டது. வாத்து வாயைத் திறந்தபடி திரையில் உறைந்துபோனது.

அவளுடைய அப்பா கன்னியப்பன் சி.டி.யை லுங்கியில் துடைத்துத் திரும்பப் போட்டான். மறுபடியும் அங்கேயே நின்றது.

“வாத்துக்குத்தான் நீச்சல் தெரியுமே, அது ஏன் தெப்பத்துல குந்தியிருக்குது?” என்றான்.

“பாடுது இல்லப்பா? பாடிக்கினே எப்படி நீந்தும்?”

மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த வேலம்மாள் சிரித்தாள். “நாளைக்கு வேற சி.டி. மாத்தியாறேன். தண்ணி யாரு குடுத்தாங்கன்னு அப்பப் பாரு,” என்றாள்.

மறுநாள் காலையில் அலை வந்தது.

கன்னியப்பன் கூலிக்குப் போன படகில் கடலுக்குள் வெகுதூரத்தில் இருந்தான். படகுக்குக் கீழே என்ன போகிறது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. மீன் எடுக்கக் கரைக்கு வந்திருந்த வேலம்மாளை அலை ஒரு வேப்பமரத்தில் கொண்டுபோய் மோதியது. கால் எலும்பு உடைந்து, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அஸ்வினி, சாயங்காலம் உப்பளப் பக்கமிருந்து வந்த டிராக்டரில் மற்றவர்களோடு கிடந்தாள். எல்லோரையும் ஒரே குழியில் அடக்கம் செய்தார்கள். பெற்றவள் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து கன்னியப்பன் சொன்னான்: “மத்த புள்ளைங்க மாதிரி இல்ல வேலு. நம்ம பாப்பா முகம் சுத்தமா இருந்துது. சேறு இல்ல, உப்பு இல்ல. கழுவிவிட்ட மாதிரி இருந்துது.”

ஆறுதலுக்குத்தான் சொன்னான். அதுவே அவளைத் தின்ன ஆரம்பித்தது.

கடலில் போன உடல்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் அவள். இமையிலும் உதட்டிலும் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருக்கும். அன்றைக்குப் போனவர்களுக்கு முகம் கழுவ யாருக்கும் நேரமில்லை, தண்ணீருமில்லை என்று ஊரே சொன்னது. அப்படியானால் நல்ல தண்ணீர் பட்டது எப்படி? உயிர் இருக்கிற பிள்ளைக்குத்தான் தண்ணீர் கொடுப்பார்கள், முகம் துடைப்பார்கள். அஸ்வினி உயிரோடு கரை சேர்ந்திருக்கிறாள். எங்கேயோ கிடந்து அம்மாவைத் தேடியிருக்கிறாள். பிறகுதான் போயிருக்கிறாள். வேலம்மாளுக்கு இதில் சந்தேகமே இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. குப்பத்துக் கங்கையம்மன் கோயிலில் அலை கொண்டுவந்த மண்ணை அள்ளிவிட்டு மறுபடி விளக்கேற்றியபோது அவள் போகவில்லை. அம்மனிடம் கேட்க அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது: என் பிள்ளை எவ்வளவு நேரம் என்னைக் கூப்பிட்டது? அதற்குப் பதில் வந்துவிடுமோ என்றுதான் பயந்தாள்.

வீடு போனவர்களுக்கு முகாமில் போட்டுக் கொடுத்த தார் ஷீட்டுக் கொட்டகைகளில் கோடை வந்தது. உள்ளே இருந்தால் வேகும், வெளியே வந்தால் எரியும். தண்ணீர் லாரி காலையில் ஒரு முறை வரும். குடங்களோடு பெண்கள் அடித்துக்கொள்வார்கள். வேலம்மாள் தாங்கித் தாங்கி நடந்து, கடைசியில் நின்று, ஒரு குடம் பிடித்து வருவாள். கன்னியப்பன் நிவாரணத்தில் புதுப் படகு கேட்டுப் பெயர் கொடுத்துவிட்டு, படுத்தே கிடந்தான்.

அந்த வைகாசியில் ராஜ்கமல் வந்தான். ஆரோவில்லில் வேலை செய்கிற பையன். முகாம் பிள்ளைகளுக்குப் படம் காட்டுவதாகச் சொல்லி, புரொஜெக்டரும் வெள்ளைத் துணியும் ஜெனரேட்டரும் கொண்டுவந்தான். பொழுது சாய்ந்ததும் படத்தைப் போட்டான். உடைந்த கப்பல், கிடா, பூனை. வேலம்மாள் கொட்டகைக்குள்ளிருந்தே அந்தக் குரல்களைக் கண்டுகொண்டாள். கம்பை ஊன்றி எழுந்து வந்து, ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தாள். பிள்ளை பார்க்காமல் போன பாதியை யாராவது பார்க்கத்தானே வேண்டும்?

கூட்டத்தின் ஓரத்தில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

“ஏய், உப்பளத்து ஆளுங்களுக்கு இங்க என்னா வேல? நிவாரணம் குடுக்கறாங்கன்னு வந்தியா?” என்று குப்பத்து வாலிபன் ஒருவன் ஒரு பெண்ணை மறித்தான்.

“உங்க நிவாரணத்த நீங்களே வச்சிக்கோங்கப்பா. நான் வாத்தப் பாக்க வந்தேன்,” என்றாள் அவள்.

சிலர் சிரித்தார்கள். அந்தப் பெண் பாப்பாத்தி. அலை வந்து உப்புப் பாத்திகள் எல்லாம் மண்மூடிப் போனதிலிருந்து உப்பளத்தில் வேலை இல்லை. செத்தவர்கள் குப்பத்தில்தான் என்பதால் உப்பளத்துக்காரர்களை யாரும் எதற்கும் கூப்பிடவும் இல்லை.

“டேய், உடுடா அவள. நீயா படம் காட்ற?” என்றாள் வேலம்மாள். “இங்க வாம்மா, குந்து.”

நகர்ந்து இடம் விட்டாள். சாக்கில் பாதி இடம், அவ்வளவுதான். அந்த முகாமில் அதைக் கொடுக்கவும் ஆள் குறைவு.

தெப்பத்துப் பாட்டு வந்தது. இந்த முறை நிற்கவில்லை. வாத்து பாடப் பாட வானம் கறுத்தது, மழை கொட்டியது. மூன்றும் வாயைத் திறந்து குடித்தன. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

“பாட்டு பாடினா மழை வருதாம்,” என்றாள் வேலம்மாள்.

புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்ற ராஜ்கமல் திரும்பினான். “நாவல்ல வராதுக்கா. அதுல தெப்பத்துல போறவங்க யாருமே பொழைக்க மாட்டாங்க. புள்ளைங்க பாக்கறதுன்னு படத்துல மாத்திட்டாங்க.”

“யாரும் தண்ணி குடுக்க மாட்டாங்களா?”

“நடுக்கடல்ல யாருக்கா இருக்கா?”

திரையில் மழை பெய்துகொண்டே இருந்தது.

பாப்பாத்தி தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள்: “எங்க அளத்துலயும் அப்படித்தான். சுத்தி தண்ணி, ஒரு சொட்டு வாயில வைக்க முடியாது. ஊட்லேர்ந்து குடத்துல கொண்டு போனாத்தான் உண்டு. அலை வந்த அன்னிக்கு நான் ஒரு வாய்கூடக் குடிக்கல.”

“ஏன்?”

“மழை விட்டு, பாத்தித் தரைய மிதிச்சு இறுக்கப் போயிருந்தோம். உப்பங்கழியில தண்ணி ஏறி வர்றதப் பாத்து எல்லாரும் மேட்டுக்கு ஓடிட்டோம். மத்தியானம் தண்ணி வடிஞ்சப்புறம் பாத்தா, வாய்க்கால்ல ஒரு பொண்ணு கெடக்குது. ஏழு எட்டு வயசு இருக்கும். கண்ணு, மூக்கு, வாயி எல்லாம் சேறு. முன்பல்லு ரெண்டும் இல்ல, அந்த எடத்துலயும் சேறு. அப்படியே டிராக்டர்ல ஏத்த மனசு வரலம்மா. என் குடம் மேட்டுல பத்திரமா இருந்துது. மொத்தத்தையும் ஊத்திக் கழுவிட்டேன்.”

வேலம்மாளின் கை சாக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.

“என்னா போட்டிருந்துது?”

“பச்ச சொட்டர். பட்டன் ஒண்ணு மட்டும் ஆம்பள சட்டைப் பட்டன்.”

அந்தப் பட்டனைக் கன்னியப்பனின் பழைய சட்டையிலிருந்து எடுத்துத் தைத்தது வேலம்மாள்தான்.

“உசிரு இருந்துதா?” என்று கேட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி கேட்டாள். “நீ தண்ணி ஊத்தறப்போ, அதுக்கு உசிரு இருந்துதா?”

“இல்லம்மா. எப்பவோ போயிடுச்சு. ஒடம்பு வெறச்சிருந்துது. அலை அடிச்ச எடத்துலயே போயிருக்கும்.”

“தண்ணி கேக்கலியா? அம்மான்னு கூப்பிடலியா?”

“கேக்கற நெலமையில இல்லம்மா.”

பாப்பாத்தி திரும்பி அவளைப் பார்த்தாள். திரையில் தெப்பம் கரை சேர்ந்தது. கரையில் வேறு விலங்குகள் கூடி நின்று பாடின. படம் முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். நன்றி என்ற சொல் வேலம்மாளின் வாயில் பழகியதில்லை. பழகியிருந்தாலும் அது போதாது. பாப்பாத்தி தன் சேலையை உதறிக்கொண்டு இருட்டில் நடந்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் வேலம்மாளுக்கு மனம் ஆறவில்லை. பிள்ளை இல்லை என்பது அப்படியே இருந்தது. தார் ஷீட்டு அப்படியே கொதித்தது. படகு வரவில்லை. அவளுடைய தலைக்குள் ‘அம்மா’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த குரல் மட்டும் நின்றுபோயிற்று. அது நின்றபின் வந்த அமைதியும் நன்றாக இல்லை. சில நாட்கள் அந்தக் குரலையே தேடினாள்.

அடுத்த வருஷம் மாசியில், சில பாத்திகளில் மட்டும் மண்ணை வாரிவிட்டு உப்பெடுக்க ஆரம்பித்திருப்பதாகக் கேள்விப்பட்டாள். ஆள் பாதிதான் வைத்திருக்கிறார்களாம். அதில் பாப்பாத்தியும் இருக்கிறாள் என்று கருவாட்டுக்கு உப்பு வாங்கப் போன பெண்கள் சொன்னார்கள்.

அன்று காலை லாரி வந்ததும் வேலம்மாள் தன் குடத்தைப் பிடித்தாள். கொட்டகைக்குக் கொண்டுபோகவில்லை. இடுப்பில் வைத்தபடியே நடந்தாள். ஆறாத கால் ஒவ்வோர் அடிக்கும் இழுத்தது. வழியில் இரண்டு தடவை குடத்தை இறக்கி வைத்து நின்றாள். உப்பளம் வரும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. வெள்ளைப் பரப்பு கண்ணைக் கூசவைத்தது.

தூரத்துப் பாத்தியில் நாலைந்து பேர் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். அதில் பாப்பாத்தியின் முதுகு தெரிந்தது. இந்தப் பக்கம் திரும்பவில்லை. வரப்பு மேட்டில், பனையோலை மறைப்பின் கீழே, ஆளுக்கொரு குடம் வரிசையாக இருந்தது. எது பாப்பாத்தியுடையது என்று வேலம்மாளுக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகத் தட்டைத் தூக்கிப் பார்த்தாள். எல்லாமே பாதிக்குக் கீழே இறங்கியிருந்தன.

அவள் யோசிக்கவில்லை. ஒவ்வொரு குடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக, எல்லாம் தீரும்வரை ஊற்றினாள். தட்டுகளைப் பழையபடி மூடினாள். வாய்க்கால் பக்கம் ஒரு முறை பார்த்தாள். அதில் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

கொட்டகைக்குத் திரும்பியபோது லாரி போயிருந்தது. பக்கத்தில் கேட்டால் ஒரு செம்பு கொடுத்திருப்பார்கள். அவள் கேட்கவில்லை. மறுநாள் லாரி வரும்வரை வாய் நனைக்காமல் இருந்தாள்.