ருசி பார்க்கும் முறை

அன்று காலை தெரசா இரண்டு கிச்சடி செய்தாள். பெரிய குண்டாவில் பிள்ளைகளுக்கு ஒன்று, சின்னக் கிண்ணத்தில் நிர்மலாவுக்கு ஒன்று.

பாப்பாரப்பட்டிக்கு மேற்கே இருக்கும் அந்த ஊர்ப் பள்ளியில் காலைச் சிற்றுண்டி சமைக்கிறவள் அவள். மகளிர் குழு மூலமாகக் கிடைத்த வேலை. அவள் மகனும் அங்கேதான் படிக்கிறான். தலைமை ஆசிரியர் மதியழகன் அங்கே ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருந்தார். பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன்பு, யாராவது ஒரு பிள்ளையின் அம்மா வந்து எல்லோருக்கும் முன்னால் சாப்பிட்டுப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். அந்த முறை வீடு வீடாக வரும். இன்று நிர்மலாவின் முறை. வட்டாரக் கல்வி அலுவலரும் இன்றுதான் பார்வையிட வருகிறார்.

நிர்மலா அந்த ஊரில் நிறையக் காடுகழனி வைத்திருக்கும் வீட்டுக்காரி. காலை உணவு தொடங்கிய புதிதில், தெரசா முதன்முதலாகப் பொங்கிய பொங்கலைக் குண்டாவோடு ஆள் வைத்துத் தூக்கிப்போய் மாட்டுத் தொட்டியில் கொட்டியவள். "அந்தத் தெருக்காரி கையில எம் புள்ள திங்கணுமா?" என்று அவள் கேட்டபோது, தெரசாவின் மகன் வெறும் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தான். பிறகு அதிகாரிகள் வந்தார்கள், கண்டித்தார்கள், எல்லாப் பிள்ளைகளும் வரிசைக்கு வந்தார்கள். தெரசாவிடம் மட்டும் யாரும் மன்னிப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதிலிருந்து மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையின்போது, செபத்தில் பிறர் குற்றத்தைப் பொறுப்பதாகச் சொல்ல வேண்டிய இடத்தில் தெரசா வாயை மூடிக்கொள்வாள். கடவுளிடம் பொய் சொல்லக் கூடாது என்று நினைக்கிற பெண் அவள்.

கிண்ணத்தில் அவள் உப்பை அள்ளிப் போட்டுக் கிளறுவதை, கூடச் சமைக்கும் ரோசம்மாள் பார்த்துவிட்டாள்.

"ஏண்டி, யாருக்குடி இது? புது மாப்பிள்ளைக்கா?"

"நம்ம மகராசிக்கு. வாயில வச்சதும் துப்புவா பாரு. அதிகாரி முன்னால துப்பட்டும். இன்னும் அந்தப் புத்தி போகலன்னு எல்லாரும் பாக்கட்டும்."

"உப்பு கரிக்குதுன்னு சொல்லிட்டா?"

"துப்பினவ பேச்ச யாரு நம்புவா? குண்டாவுல உப்பு அளவாத்தான இருக்குது?"

"வேணாண்டி. சாமி பாத்துக்குவாரு."

"தொட்டியில கொட்டறப்பவும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு."

ரோசம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினாள்.

நிர்மலா நேராகப் பூ மண்டியிலிருந்து வந்தாள். முந்தானையில் சாமந்தி இதழ்கள் ஒட்டியிருந்தன. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் மகள் மணிமேகலை முதல் வரிசையில் இருந்து அம்மாவைப் பார்த்துக் கையசைத்தாள். பார்வையிட வந்த அலுவலர், ஒரு பெண்மணி, நாற்காலியில் உட்கார்ந்தார்.

தெரசா கிண்ணத்துக் கிச்சடியைத் தட்டில் கவிழ்த்துக் கொண்டுவந்தாள். இத்தனை நாள் மனத்துக்குள் ஒத்திகை பார்த்த காரியம் அது.

நிர்மலா ஒரு வாய் அள்ளிப் போட்டாள். தாடை அப்படியே நின்றது. கண்ணில் நீர் கட்டியது.

'துப்பு' என்றது தெரசாவின் மனம். 'துப்புடி.'

நிர்மலா விழுங்கினாள். பிறகு தெரசாவின் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல் பேசினாள். "உப்ப ரெண்டு தடவ போட்டுட்ட போல. குண்டாவுல சுடுதண்ணி ஊத்திக் கிளறு, சீக்கிரம். அந்தம்மா கேக்கறதுக்கு முந்தி."

இப்படி ஒரு பதிலைத் தெரசா ஒத்திகை பார்த்ததே இல்லை.

"எனக்கும் கொஞ்சம் குடுங்க, பாக்கலாம்" என்று அலுவலர் நிர்மலாவின் தட்டை நோக்கிக் கை நீட்டினார்.

நிர்மலா சட்டென்று தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "எச்ச பண்ணிட்டனுங்க மேடம். ரொம்பச் சூடாவும் இருக்குது, கொஞ்சம் பொறுத்துச் சாப்பிடுங்களேன்."

அதற்குள் மதியழகன் குண்டாவிலிருந்தே ஒரு கரண்டி எடுத்து வேறு தட்டில் வைத்துவிட்டார். அலுவலர் சாப்பிட்டார். நிர்மலா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அடடே, உப்பு, ஒறப்பு எல்லாம் அளவா இருக்குதே!"

நிர்மலா கண்ணைத் திறந்தாள். குண்டாவைப் பார்த்தாள், தன் தட்டைப் பார்த்தாள், பிறகு தெரசாவைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது தெரசாவுக்கும் விளங்கியது. தட்டை அப்படியே அலுவலரிடம் நீட்டினால் போதும். தெரசாவின் வேலை அந்த நிமிடமே போய்விடும். பிள்ளைகள் சாப்பாட்டில் கை வைத்தவள் என்ற பெயர் சாகும்வரை கூட வரும்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று அலுவலர் கேட்டார்.

"அளவாத்தாங்க இருக்குது" என்றாள் நிர்மலா. சொன்னதோடு நிற்காமல், துளிகூட விடாமல் தின்று தீர்த்தாள்.

அலுவலர் வகுப்பறைப் பக்கம் போனதும் நிர்மலா குழாயடியில் குனிந்து நின்று, இரண்டு கையாலும் தண்ணீரை வாரி வாரிக் குடித்தாள். தெரசா பின்னால் போய் நின்றாள்.

"ஏங்க சொல்லல?"

நிர்மலா வாயைத் துடைத்துக்கொண்டாள். "விடிகாலையில மண்டிக்கு ஓடறேன். வூட்டுல அடுப்பே பத்த வக்கிறதில்ல. எம் புள்ள தெனமும் உங்கையிலதான் திங்கறா. அவ தட்டுல என்னிக்காவது உப்ப அள்ளிப் போட்டயா?"

"ஐயையோ, புள்ளைங்க!"

"அதான்."

நிர்மலா குழாயை மூடிவிட்டுத் தரையைப் பார்த்துச் சொன்னாள். "அன்னிக்குக் கொட்டுனது தப்பு. உம் பையன் தட்டோட நின்னான். அது இன்னும் கண்ணுல நிக்குது. வந்து சொல்லணும்னு நெனப்பேன், வாய் வராது."

பெரிய நியாயங்கள் ஊருக்கு வந்து சேர வெகுநாள் ஆகும். கடவுள் அதுவரை சும்மா இருப்பதில்லை, இப்படி ஒரு வாய் விழுங்கலில் நுழைந்துவிடுகிறார். ஆனால் நுழைந்த உடனே வீடு சுத்தமாகிவிடுமா?

"கோவம் தீந்துதா?" என்று நிர்மலா கேட்டாள்.

தெரசா மனத்தைத் தொட்டுப் பார்த்தாள். பொய் சொல்ல வரவில்லை.

"இல்லீங்க. இன்னும் இருக்குது."

"இருக்கட்டும்." நிர்மலா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "நாளைக்கும் நானே வரேன். நாளன்னிக்கும் வரேன். எல்லாரும் பாக்க உக்காந்து திங்கறேன். உப்ப மட்டும் கொஞ்சம் கொறச்சுக்க தாயே, நாக்கு வெந்துபோச்சு."

"பாக்கலாங்க" என்றாள் தெரசா. வாக்கெல்லாம் கொடுக்கவில்லை.

உள்ளே பிள்ளைகள் தட்டைத் தட்ட ஆரம்பித்திருந்தார்கள். அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனாள்.