ஞாயிற்றுக்கிழமை பீரங்கி

டெக்சாஸில், காப்பெல் ஊரிலிருந்த வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் அந்தப் பட்டியல் ஏறி மூன்று வாரமாகிவிட்டது. கோட்டை, அரண்மனை, மலை, நாய்ச் சிலை, எதிரே கிழமைகள். 2000 ஜூனில் கோபிசெட்டிபாளையம் போகும் வழியில் நான்கு நாள் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இறங்குவதென்று நாகரத்தினம் டிக்கெட்டே போட்டுவிட்டாள். வழிகாட்டி அவள் கணவர், டாக்டர் நஞ்சுண்டன். இரண்டு வருஷம் அங்கே இருந்தவராயிற்றே.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான நான்காம் மாதம், சர்ஜரிக்கான எஃப்.ஆர்.சி.எஸ். படிக்க அங்கே போனவர் வாரம் தவறாமல் அவளுக்குப் படம் போட்ட கார்டு அனுப்பினார். அவற்றைப் பார்த்துத்தான் அவள் பட்டியல் எழுதியிருந்தாள். அதில் அவர் நிஜமாகச் சுற்றிப் பார்த்தது நாய்ச் சிலை ஒன்றுதான். அது தெருமுனையிலேயே இருந்தது. மற்றதெல்லாம் கார்டில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்ததை அவர் தமிழில் எழுதியது. அந்தக் கார்டுகளை நம்பித்தான் அவள் தனியாக இரண்டு வருஷம் ஓட்டினாள். அதனாலேயே ஃபிரிட்ஜைத் திறந்து மோர் எடுப்பதுகூட இப்போது அவருக்குச் சங்கடமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் நாகரத்தினம் கார்டுகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். கல்லூரி லீவுக்கு வந்திருந்த மகள் வெண்பா, லைப்ரரியிலிருந்து எடுத்துவந்த பயணப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"இதக் கேளு கண்ணு. 'இன்று ஞாயிறு. கோட்டைக்குள் பீரங்கிக்குப் பக்கத்திலேயே நின்றேன். சரியாக ஒரு மணிக்கு வெடித்தது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குப் பழகிவிட்டது.'"

வெண்பா புத்தகத்தில் பீரங்கி பற்றிய வரியில் விரலை வைத்தாள். "டாட், இட் சேஸ் எவ்ரி டே எக்ஸெப்ட் சண்டே."

"புக்குல தப்பாப் போட்டிருப்பான்," என்றாள் நாகரத்தினம்.

நஞ்சுண்டன் தண்ணீர் குடித்தார். தம்ளர் காலியான பிறகும் கீழே வைக்கவில்லை. வெண்பா இருவரையும் பார்த்தாள். ட்ரையரில் துணி இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனாள்.

"புக்கு சரிதான். நான் உள்ளயே போனதில்ல ரத்தினம்."

அவள் கார்டைத் திருப்பிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஞாயித்துக்கெழமையெல்லாம் எங்கங்க போனீங்க?"

அந்த ஞாயிறுகளில், ஊருக்கு வெளியே அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் பிடித்து வருவார். மேடேறிக் கோட்டை வாசலில் நிற்பார். ஈரக் கருங்கல், குடைக்குள் சிரித்தபடி உள்ளே போகும் குடும்பங்கள். புடவையோடு இந்த மேட்டில் அவள் எப்படி ஏறுவாள் என்று யோசிப்பார். பத்து நிமிஷம். பிறகு அடுத்த பஸ். டெக்சாஸ் வெயில் காலத்தில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்த மழை வாசனை அப்படியே வந்தது.

"வாசல் வரைக்கும். பாஸ் பண்ணீட்டு, உன்னையுங் கூட்டியாந்து, ஒண்ணா உள்ள போலாம்னு இருந்தேன்."

"ரெண்டு தடவ பரீட்ச எழுதுனீங்க."

"ரெண்டு தடவயும் போச்சு."

அவள் எழுந்து ஃபிரிட்ஜ் பக்கம் போனாள். பட்டியலைக் கிழிக்கப் போகிறாள் என்றே அவர் நினைத்தார். அவள் பேனாவை எடுத்து, கோட்டைக்கு எதிரே இருந்த ஞாயிறை அடித்துவிட்டுத் திங்கள் என்று எழுதினாள்.

"ஒரு மணிக்கு முன்னாடியே போயிரலாங்க," என்றாள், திரும்பாமலே. "நீங்க காதப் பொத்திக்கோங்க. பழக்கமில்ல பாருங்க."